நாலாவது அடி

...சரி, அப்படியென்றால் மனுஷன் என்பவன் நூற்றுக்கு எவ்வளவு, முப்பதா, நாற்பதா, இந்தக் குமிழைத் திருகத் திருக எண் ஏறுகிறது, அதன் அடியில் பொடி எழுத்தில் ‘மனிதத்தன்மை’ என்று போட்டு வைத்திருக்கிறான் படுபாவி, பூஜ்யத்தில் வைத்தால் தையல் மெஷின் ஓடுகிறது, நூற்றில் வைத்தால் பரணிலிருந்து பாத்திரமெல்லாம் சரிகிறது, நடுவில் எங்கேயோ ஒரு ஆள் கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறானாம், நாமாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம். காலையிலிருந்து இதே வேலை. ட்ரம்ஸ் வாசிக்கும் சாஃப்ட்வேர் மூன்றை ட்ரையலுக்கு இறக்கி வைத்திருக்கிறாள், முதலாவது விளம்பரத்தில் ரொம்ப அலட்டிக்கொண்டது, திறந்தால் மரத்தரை, மஞ்சள் விளக்கு, ஸ்டூடியோ படம் எல்லாம் கண்ணைப் பறிக்கிறது, சத்தம் என்னவோ அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி... இரண்டாவதில் வாசிப்பவனுக்கு ஒரு முகமே வரைந்திருக்கிறார்கள், தாடி, தொப்பி, கீழே ‘நிதானமானவர், சற்றுப் பின்தங்கி வாசிப்பார்’ என்று குணநலன் வேறு, வரன் பார்க்கிற மாதிரி. மூன்றாவதற்குப் படமே இல்லை, கறுப்புத் திரை, வரிசையாகக் குமிழ்கள், அவ்வளவுதான். இன்றைக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும், அவள் இசையமைத்த பாட்டு சாயங்காலம் டைரக்டருக்குப் போக வேண்டும், அவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, “மெஷின் வாடையே வரக் கூடாதுங்க, யாரோ ஒருத்தர் பக்கத்து ரூம்ல உக்காந்து தனக்குத்தானே வாசிக்கற மாதிரி இருக்கணும், நம்ம இடிதானே வாசிக்கறார்?” அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? வாய் தானாகச் சொன்னது, இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆமாம்.

இடி பக்கத்து அறையில்தான் இருக்கிறான், ஹாலில். இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பேர், கட்டிக்கொண்ட பிறகும் அவளுக்கு வேறு பேர் வாயில் வரவில்லை, மாமியார்கூடக் கடைசியில் இடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்... இடி இப்போது டிவியின் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து விரல்களை மடக்கப் பார்த்துக்கொண்டிருப்பான், விரல்கள் யோசித்து யோசித்து மடங்குவதற்குள் பந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும், அவளைக் கூப்பிட மாட்டான், வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டு அவள் சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். மூளைக்குப் போகிற ரத்தத்தில் ஒரு அடைப்பு, கடுகளவுதான் என்றார் டாக்டர், அதற்கே இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை, குசும்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது இந்தப் பாட்டைத்தான். “அத நான்தான் வாசிக்கறேன், வேற எவனையாவது கூட்டிட்டு வந்து என் சீட்ல உக்கார வச்சே, அப்புறம் நான் எந்திரிக்கவே மாட்டேன், பாத்துக்கோ.” விளையாட்டாகச் சொன்னான். விளையாட்டாகவா? அதனால்தான் வேறு ஆளைக் கூப்பிடவில்லை, வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள், ஒரு போன் போட்டால் ஓடி வருவார்கள், வந்து, மூலையில் போர்வை மூடிக் கிடக்கிற ட்ரம் செட்டைத் திறந்து, இடியின் உயரத்துக்கு வைத்திருக்கும் ஸ்டூலைத் தங்கள் உயரத்துக்குத் திருகிக்கொள்வார்கள், அது கிரீச்சிடுவது ஹாலுக்குக் கேட்கும்... சாஃப்ட்வேர் ஆளில்லையே, ஸ்டூலில் உட்காராது, ஹெட்போனுக்குள்ளேயே வாசித்துவிட்டுப் போய்விடும், கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்... என்ன சொல்லிக்கொள்ளலாம்? பாட்டு வெளியே வந்தால் கேட்க மாட்டானா, காதுக்கும்தான் ஒன்றும் ஆகவில்லையே. சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கே, பாட்டு போவதற்கு முன்னால், இல்லையென்றால் வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பான். நீ இனிமேல் வாசிக்கப் போவதில்லை என்பதை எப்படி ஆரம்பிப்பது? அவளுக்குப் பயமாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை, வெறும் பயம்.

முதலாவதைத் தூக்கிப் போட்டாயிற்று, தாடிக்காரனையும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள், பின்தங்கித்தான் வாசிக்கிறான், ஆனால் எல்லா அடியிலும் ஒரே அளவுக்குப் பின்தங்குகிறான், ஆபீசுக்குத் தினமும் பத்து நிமிஷம் லேட்டாக வருகிறவனை லேட் என்றே சொல்ல முடியாது, அவன் நேரமே அதுதான். இடி அப்படியில்லை. இடி எங்கே பிந்துவான் எங்கே பிந்த மாட்டான் என்று... எங்கே பிந்துவான்? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அந்த நாலாவதில், இடது கை ஸ்னேர் ட்ரம்மில் விழுகிற இடத்தில், ஏதோ வாசல்வரை போய்விட்டு மறந்ததை எடுக்கத் திரும்பி வருகிற மாதிரி ஒரு சின்னத் தாமதம், அப்படித்தான் அவளுக்கு ஞாபகம், ஞாபகத்தை நம்பிக் குமிழைத் திருக முடியாது, பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும், இது ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டு பழைய வேலைகளைத் திறந்தாள். சோப்பு விளம்பரம். திரையில் இடியின் அடிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் தாளக் கணக்கு காட்டும் கோட்டின் மேல், மயிரிழை பிசகாமல். சீரியல் டைட்டில் பாட்டு, கோட்டின் மேல். மோட்டார் கம்பெனி விளம்பரத்துக்குப் போட்ட குழந்தைகள் பாட்டு, எல்லாமே கோட்டின் மேல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கிற மாதிரி...

ஏனென்றால் அவள்தானே நிறுத்தி வைத்தாள். எல்லாரும் செய்வதுதான், தொழிலில் இதைத் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள், வயலின், கீபோர்டு, கோரஸ் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில் வருகிறது, ட்ரம்ஸ் மட்டும் முன்னே பின்னே போனால் ஒன்றோடு ஒன்று இடிக்கும், க்ளையன்ட் காரணம் தெரியாமலே ‘ஏதோ உதைக்குதே’ என்பான், அதனால் ஒலிப்பதிவு முடிந்து இடி குளிக்கப் போனதும் அவள் உட்கார்ந்து மவுஸால் ஒவ்வொரு அடியாகப் பிடித்துக் கோட்டுக்கு இழுத்துவிடுவாள், நாலாவது அடி, அடுத்த நாலாவது அடி, அதற்கடுத்தது, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பேச்சில்லாமல், அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னால் மனசு நோகும், பாவம். குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்பான், “எப்படி இருக்கு?” சூப்பர் என்பாள். அப்புறம் டிஸ்க் நிறைந்துபோகும், இழுப்பதற்கு முன் அவன் வாசித்தபடியே பதிந்த டேக்கை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று அழித்துவிடுவாள்... எல்லாவற்றையுமா? எல்லாவற்றையும்தான். மறுபடி தேடினாள், அழித்த கோப்பு தேடினால் வருமா, மேடையில் வாசித்தது ஏதாவது இருக்குமா, யாரோ போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது, அதில் கைதட்டலும் இரைச்சலும்தான். பக்கத்து அறையில் ஒரு மனுஷன், அவன் வாசித்தது எவ்வளவோ பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிலும் அவன் இல்லை. அழுகை வரவில்லை, வந்திருந்தால் தேவலை.

மூன்றாவதின் கறுப்புத் திரைக்கே திரும்பி வந்தாள். குமிழை முப்பத்தைந்தில் வைத்தாள், இடது கையை மட்டும் தனியாகத் தளர்த்த இன்னொரு குமிழ் இருந்தது, அதைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஓட விட்டாள். பாட்டின் இரண்டாவது வரியில், பாடகி மூச்சு எடுக்கிற இடத்தில், நாலாவது அடி வரவில்லை, வராதோ என்று நினைக்கும்போது வந்தது. இடியேதான். நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள், திருடும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி, பார்த்தால் உண்மையிலேயே கதவில் அவன் நிற்கிறான், சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றி இடது காலை இழுத்து எப்போது வந்தானோ, ஹெட்போனில் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“காலையில இருந்து என்னதான் கேக்கறே, காதுக்குள்ள வச்சுக்கிட்டு?” என்றான். இதுதான் நேரம், இப்போது சொல்லிவிடு, இடி, உன் கை இன்னும்... “உன் பழைய டேக்ஸ்தான்,” என்றது வாய், “நீ சும்மா தட்டிப் பாத்து வச்சதெல்லாம் கெடந்துச்சு, இந்தப் பாட்டுக்கு எது ஒத்து வரும்னு பாக்கறேன்.” முகம் விரிந்துவிட்டது அவனுக்கு, எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து, “போடு, போடு, என்னைக் கேக்காம நீ எப்படிப் பொறுக்குவே,” என்று அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பொய் சொன்னால் அடுத்தது கேட்காமலே வந்து நிற்கிறது. ஸ்பீக்கரைப் போட்டாள். முதலில் சோப்பு விளம்பரத்திலிருந்து எடுத்து வைத்திருந்தது, சாட்சாத் அவனே வாசித்தது, இதையாவது உண்மையாகப் போடலாமே என்று ஒரு நப்பாசை... நாலைந்து அடிகூடப் போகவில்லை, உதட்டைப் பிதுக்கினான். “இது நான் இல்ல, மெஷின் போட்டுட்டு என்னையே சோதிக்கறியா?” ஐயோ என்றிருந்தது அவளுக்கு, “தெரியாம கலந்துடுச்சு போல,” என்றாள், கை தானாகக் கறுப்புத் திரையை ஓட விட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எதிரே அணைந்து கிடந்த இன்னொரு திரையின் கண்ணாடியில் அவன் தெரிந்தான், வலது கை நாற்காலி முதுகில் தட்ட ஆரம்பித்திருந்தது, அவளுடைய முதுகெலும்புக்கே அது வந்து சேர்ந்தது, பாடகி மூச்சு எடுத்தாள், அடி வரவில்லை, வந்தது, அவன் கண்ணை மூடிக்கொண்டான். “இது... அன்னிக்கு மழை கொட்டுச்சே, கரண்ட் வேற போய்ப் போய் வந்துச்சே, அன்னிக்கு வாசிச்சதுதானே?” ஆமாம் என்றாள். எந்த மழை? “பாத்தியா, கை என்ன பேச்சுப் பேசுது பாரு அப்ப... இதையே போட்டுடு.” சரி என்றாள். பிறகு அவன் கொஞ்சம் குனிந்து, சாதாரணமாக, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரி சொன்னான், “அந்த நாலாவது அடி பிந்துது பாரு, அத மட்டும் இழுத்து வச்சுடாதே. எப்பவும் இழுத்து வச்சுருவே நீ. இந்த ஒரு தடவை அப்படியே விட்டுடு.”

எப்போதும். எப்போதும் தெரியுமா? குளித்துவிட்டு வந்து எப்படி இருக்கு என்று கேட்டபோதெல்லாம் தெரியுமா, சூப்பர் என்று அவள் சொன்னதைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டானே, அப்போதுமா... “தொடல இடி,” என்றாள், “சத்தியமா தொடல.” அவன் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனான், ஹாலில் டிவி சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது, இத்தனை நாளில் முதல் தடவையாக யாரோ சிரிக்கிற நிகழ்ச்சி. சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, சந்தோஷமாகத்தானே போகிறான், பாட்டு வெளியே வரும், பேர் போடுவார்கள், அவன் பேரைத்தான் போடுவார்கள், கேட்கிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், வலது கையை... அதற்கப்புறம்? அடுத்த பாட்டுக்கும் மழை கொட்டிய நாள் ஒன்றைத் தேட வேண்டும். தேடலாம், முதலில் இதை முடிப்போம் என்று மறுபடி ஓட விட்டாள்.

பாடகி மூச்சு எடுத்தாள். நாலாவது அடி சரியான நேரத்தில் விழுந்தது. ஏதோ பிசகு என்று திரும்ப ஓட்டினாள், இந்தத் தடவை இரண்டாவது பிந்தியது, நாலாவது துளி முந்தியது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்தச் சனியன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்கிப் போடுகிறது, ஒரே மாதிரி இரண்டு தடவை வாசிக்கக் கூடாது என்பதுதானே இதன் பெருமையே, முன்னால் இரண்டு தடவையும் நாலாவது பிந்தியது தற்செயல், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது அந்த ஒரு ஓட்டம், அதை அவள் பதியவில்லை. மறுபடி. மறுபடி. தாடிக்காரன்கூட வந்து போகிறான், பாத்திரம் சரிகிற ஆள் வந்து போகிறான், இடி வரவில்லை. “அனுப்பிட்டியா?” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது, “இதோ” என்று கத்தினாள். சரி, கையாலேயே வைத்துவிடலாம், மவுஸைப் பிடித்து நாலாவது அடியைக் கோட்டிலிருந்து வலப்பக்கம் நகர்த்தினாள், இத்தனை காலம் இடப்பக்கமாகவே இழுத்த கை, ஓட விட்டாள், இல்லை, தூங்கி வழிகிறான், கொஞ்சம் உள்ளே தள்ளினாள், இல்லை, இது அவசரம், மறுபடி வெளியே... எவ்வளவு? கோடு இருந்த இடம் தெரியும், கோட்டில் கொண்டுவந்து சேர்க்கத் தெரியும், அந்த அடி கோட்டைவிட்டு எவ்வளவு தள்ளி இருந்தது என்று அவள் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. தெரிந்தவன் ஹாலில் இருக்கிறான், போய்க் கேட்டால் சொல்லிவிடுவான்.