யார் தட்டவில்லை?

பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தில் அன்று இம்கேயின் முனைவர் பட்டத் தேர்வு. விமான இறக்கையில் ஏதாவது மோதினால் எங்கே மோதியது, எவ்வளவு பலமாக மோதியது என்று கணினியே சொல்லிவிடும். அதுதான் அவள் ஆய்வு. இறக்கையில் ஒட்டிய உணரிகள் அதிர்வைப் பதியும். கணினி தனக்குள் கணக்காக மட்டும் இருக்கும் பொய் இறக்கையை அங்குமிங்கும் அடித்துப் பார்க்கும். பொய் அதிர்வும் மெய் அதிர்வும் ஒத்துப்போகும்வரை விடாது.

உணரிகள் ஒட்டிய இறக்கைப் பலகை ஒன்றைத் தேர்வாளர்கள் மூவரின் மேசைமேலேயே கிடத்தியிருந்தாள். அவள் பேசி முடித்ததும், அங்கே எல்லோரும் செய்வதுபோல், மூவரும் விரல் முட்டியால் முன்னால் இருந்ததைத் தட்டிப் பாராட்டினார்கள். முன்னால் இருந்தது பலகையின் ஓரம். உணரிகளை அவள் அணைக்கவில்லை.

திரையில் விடை வந்துவிட்டது: நட்டநடுவில் ஒரே அடி, இறக்கை பழுது.

நடுவில் ஈகூட உட்காரவில்லையே என்றார் வெளியூர்த் தேர்வாளர் ரைமர்ஸ். இம்கேக்குக் காது சுட்டது. ஒரே அடி என்று வைத்துத் தேடச் சொன்னது தன் தவறு, எத்தனை அடி என்பதையும் கணினியையே தேடவைக்கலாம் என்றாள்.

"அப்ப இதே பதிவுல தேடுங்க. சரியா வந்தா பட்டம். இல்லன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்," என்றார் ரைமர்ஸ்.

கணினி தேடி இரண்டு இடங்களைக் காட்டியது. ஒன்று தேர்வுக் குழுத் தலைவி லூர்ஸின் முன்னால். இன்னொன்று, பலமானது, ரைமர்ஸின் முன்னால். மூன்றாமவரான, இம்கேயின் வழிகாட்டி டெட்மரின் பக்கம் ஒன்றுமில்லை.

"மூணு பேர் தட்டினோமேம்மா. உங்க கணினி ஒருத்தர முழுங்கிடுச்சே," என்றார் ரைமர்ஸ்.

தான் மெதுவாகத் தட்டியிருக்கலாம் என்றார் டெட்மர், கூரையைப் பார்த்தபடி. அதே அளவு மெதுவாக இன்னொரு தரம் தட்டும்படி லூர்ஸ் கேட்டுக்கொண்டார். டெட்மர் பூனை நடந்ததுபோல் தட்டினார். கணினி அதையும் அவர் விரலடியிலேயே காட்டிக்கொடுத்தது.

இம்கேயின் ஆய்வு முறையே தப்பென்றால், அதற்காக டெட்மர் பெயரும் சேர்த்து வாங்கிய காப்புரிமைக்கு மதிப்பில்லை. சரியென்றால், சொந்த மாணவியைப் பாராட்டக் கை வராதவர் என்றாகிவிடும்.

"கைய சும்மா ஆட்டினேன். பலகைல படல," என்றார் டெட்மர் கடைசியில்.

"ஏம்ப்பா?" என்றார் ரைமர்ஸ்.

"பழக்கமில்ல."

பட்டம் உறுதியானது. இந்த முறையின் துல்லியத்தை மாணவியின் வழிகாட்டியே நேரில் நிரூபித்தார் என்று ரைமர்ஸ் அறிக்கையில் எழுதி நீட்டினார். டெட்மர் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழியாதது ஆச்சரியம்.