வித்திலை இல்லாத மலர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஆர்க்கிட் வகையொன்று எங்கள் தீவுநாட்டின் தேசிய மலரான 1981இல், கோயில் விழாச் சிறப்பிதழுக்கு அதைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். பழம்பாடல்களிலேயே குடியிருப்பவனுக்கு இது எளிது என்றெண்ணினேன். முன்னோர் பூவை நான்காகப் பகுத்தனர்: கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ. ஆர்க்கிட் மரக்கிளையில் பூக்கிறது. ஆகவே அது கோட்டுப்பூ என்று...

(விட்டுவிட்டேன். கிளையில் வாழ்கிறதே ஒழிய, மரத்தின் சாற்றில் அது ஒரு துளியும் பருகுவதில்லை.)

2

தாவரநூலார் இருக்குமிடம் கேட்பதில்லை, பிறப்பைக் கேட்கிறார்கள். வித்தில் இலை ஒன்றா, இரண்டா? ஆர்க்கிட்டைப் புல்லும் தென்னையும் அடங்கிய ஒருவித்திலை இனத்தில் லில்லிக்கு அருகே வைத்தார்கள். ஆனால் தூசி போன்ற அதன் வித்தில் அந்த ஓரிலைகூடப் பெரும்பாலும் இல்லை. மும்மூன்றாய் அமைந்த இதழ்களைப் பார்த்தே உறவு சொன்னார்கள்.

இவ்வரியில் பேனா நின்றது. கட்டுரைக்குள் பிரிஜட் என்றொருத்தி கதையாக வந்துவிட்டாள்.

3

கிளமெண்டியில் லாசரஸ், அந்தோனியம்மாள் என்ற தமிழ்த் தம்பதியர் கைக்குழந்தையாய் எடுத்து வளர்த்த சீனப் பெண் அவள். லாசரஸ் இறந்துவிட்டார். சுவா சூ காங் கல்லறையில் பெட்டியை இறக்கியாயிற்று. முதல் கைப்பிடி மண்ணை மகள் அள்ளிவிட்டாள். லாசரஸின் அண்ணன் அற்புதராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"இரும்மா. மொத மண்ணு ரத்த சொந்தம் போடணும். என் மகன் போடட்டும்."

"கிளையில் வாழ்ந்தும் சாறு பருகாத மலர் நான்..."

(அடித்துவிட்டேன். தகப்பன் குழியருகே எந்த மகளும் இப்படிப் பேசமாட்டாள். இது என் குரல்; எனக்கே அலுத்த குரல்.)

"பெரியப்பா, ஹாஸ்பிட்டல்ல டெய்லி ஷேவ் பண்ணி விட்டது நான்தான் லா. அப்ப நீங்க ஒண்ணும் கேக்கலயே."

"அது வேற, இது வேற."

அவர் கொடியவரல்லர். அவருக்குத் தெரிந்த பகுப்பு அவ்வளவே.

4

முடிவு ஒன்று: அந்தோனியம்மாள் "கைய விடுங்க அத்தான்" என்கிறாள், அவர் விடுகிறார். நன்று. ஆனால் அவளுக்கு இன்று நிற்கவே தெம்பில்லை.

முடிவு இரண்டு: பிரிஜட் மண்ணை உதறிவிட்டுப் பின்வரிசைக்குப் போகிறாள். நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.

நான் ஓதி வளர்ந்த பதிகங்கள் பூவிட்ட கையைத்தான் போற்றும். அப்பூ எவ்வினம் என்று வினவியதில்லை. இதை அற்புதராஜிடம் சொல்ல அக்குழியருகே எனக்கு இடமில்லை.

உங்களுக்கு உண்டு, வாசகரே. லாசரஸின் உறவினராய் இரண்டாம் வரிசையில் உங்களை நிறுத்தியிருக்கிறேன். பிடித்த பிடி தளரவில்லை. அவள் விரலிடுக்கில் செம்மண் கசிந்துகொண்டிருக்கிறது. கை காலியாகுமுன் பேசுங்கள்.