கூடத்துக் கடிகாரமும் நாலு மணி நாடகமும்

அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரம் சரியான நேரம் காட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது. அவர்கள் அங்கே குடிவந்தும் எட்டு மாதம்தான். வந்த முதல் வாரமே காலை ரயிலைத் தவறவிட்ட புருஷன், பெண்டாட்டிக்குச் சொல்லாமல் முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தான். இரண்டாவது வாரம் ரயிலைத் தவறவிட்ட பெண்டாட்டி, புருஷனுக்குச் சொல்லாமல் இன்னொரு பத்து நிமிடம் தள்ளினாள். அப்புறம் ரெண்டு பேருக்குமே சந்தேகம் தட்டிவிட்டது. 'இது எப்படியும் முன்னாலதானே ஓடுது' என்று மனசுக்குள் கழித்துக்கொண்டு ஆற அமரக் கிளம்பினார்கள். மறுபடி ரயில் போனது, மறுபடி முள்ளைத் தள்ளினார்கள். கையில் செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான், பல் தேய்த்துக்கொண்டே அதை எங்கே போய்த் தேடுவது? இப்போது அந்தக் கடிகாரம் எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்று பெரியவர்கள் இருவருக்கும் தெரியாது. ஒன்பது வயது மகளுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்டதில்லை.

புருஷன் நகரத்து உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பெண்டாட்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பவள். தெருக்காரர்கள் அவர்களை லிஃப்ட்காரன், கண்ணாடிக்காரி என்றே சொல்லிக்கொண்டார்கள். மகளைச் சுண்டெலி என்பார்கள். அது வீட்டில் வைத்த பேர்.

அந்தப் புறநகர்த் தெருவில் பதினெட்டு வீடுகள். நகரத்தை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில்: பிள்ளைக்காக. காற்று நல்லா இருக்கு, ஓடியாட இடம் இருக்கு, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். எல்லாம் உண்மை. ஆனால் பகல் பத்து மணிக்கு அந்தத் தெருவில் நின்று பாருங்கள், ஈ காக்கை இருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெற்றவர்கள் ரயிலில்.

கண்ணாடிக்காரியின் காரணமும் பொய்யில்லை. நகரத்தில் அவர்கள் இருந்தது ஐந்தாவது மாடியில் ஒண்டுக்குடித்தனம் மாதிரி இரண்டே அறை. சுண்டெலியின் கட்டில் துணி துவைக்கும் மெஷினை ஒட்டி நடைபாதையில் கிடக்கும். அவள் கொஞ்சம் வேகமாக நடந்தாலே கீழ்வீட்டுக்காரர் கொம்பால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். ஒருநாள் விளையாட்டு மைதானத்தில், மண்தரையில், குழந்தை நுனிக்காலால் நடந்து போவதைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். அங்கே கீழ்வீடும் இல்லை, கொம்பும் இல்லை. மறுமாதமே வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள். இப்போது சுண்டெலிக்குத் தனி அறை, தரைவீடு, எவ்வளவு வேண்டுமானாலும் தொம் தொம்மென்று குதிக்கலாம். அவள் குதிப்பதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்து ஓவியக் கண்காட்சிக்கு அம்மா போகவில்லை. விளையாட்டு விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது கொடியை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இந்த நாடகம். சுண்டெலிக்கு டாக்டர் வேஷம், நோயாளி ஒரு சிங்கம், மொத்தம் இரண்டே வசனம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டீஸ் இரண்டு வாரமாக ஃபிரிட்ஜ் கதவில் நாலாக மடித்தபடி காந்தத்தில் தொங்கியது. அந்தக் கதவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுகிறவர்கள் ஒருவரும் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று காலை ஷூவை மாட்டிக்கொண்டே சுண்டெலி சொன்னாள்: "அம்மா, நாலு மணிக்கு. நீ வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன்."

அழுது சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். அவள் குடை எடுத்துக்கோ என்பதைப் போலச் சொன்னாள். கண்ணாடிக்காரிக்குத் திக்கென்றது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் பிள்ளை தன்னை இனிமேல் கூப்பிடவே மாட்டாள் என்று நாள் முழுக்க அதே நினைப்பு. லென்ஸின் நடுவைக் குறிக்க மைப்புள்ளி வைக்கும்போது இடது லென்ஸை வலதென்று எடுத்து, நல்லவேளையாகத் தேய்க்கும் சக்கரத்தில் வைக்கும் முன் பார்த்துக்கொண்டாள்.

இரண்டரைக்குக் கிளம்ப முதலாளியம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். பையைத் தோளில் மாட்டும்போதுதான் ஒரு பஸ் டிரைவர் உடைந்த கண்ணாடியோடு வந்து நின்றார். மூன்றரைக்கு வண்டி எடுக்கவேண்டும், அது இல்லாமல் முன்னால் போகிற வண்டியே தெரியாதாம். முதலாளியம்மா இவள் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் என்ன செய்வது? பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரம் தேய்ந்தது. அவசரப்பட்டால் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும் என்பதால் அவசரத்தையெல்லாம் காலில் காட்டினாள், மேஜைக்கடியில் ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. டிரைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் மூன்று மணி.

பிடிக்கவேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயில் கிடைத்தது, அதுவும் பாதி வழியில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, முள்ளும் புதருமான ஓரிடத்தில் நின்றுகொண்டது. ஏனென்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரி உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். எதிர்சீட்டில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்து அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்குப் போன் அடித்தாள். அவன் நகரத்தின் இந்தக் கோடியில் எங்கோ லிஃப்ட் குழிக்குள்ளிருந்து கத்தினான். உள்ளே ரெண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

"நீ போய்ட்டியா? ஆரம்பிச்சு எவ்ளோ நேரமாச்சு? மூணு மணிக்குன்னு சொன்னாளே!"

மணி நாலடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மகளின் நாடகம் எத்தனை மணிக்கு என்றுகூடத் தெரியாத மனுஷனோடு என்ன பேசுவது? அவள் போனை வைத்துவிட்டாள். நாலு மணி தாண்டியபோது ரயில் அங்கேயேதான் நின்றது. சுண்டெலி இப்போது திரைக்குப் பின்னால் நின்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதும் கண்ணாடிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்காக வந்தோமோ அவளை விட்டுத் தினம் இரண்டு மணி நேரம் ரயிலில் கிடக்கிறோமே, நாம் என்ன ஜென்மம் என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

ஸ்டேஷனில் இறங்கும்போது நாலு முப்பத்தைந்து. மார்க்கெட் தெரு வழியாக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பது வயதில் ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். பள்ளிக்கூட அரங்கத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசை வரிசையாக நாற்காலிகள், ஆள் இல்லை. மேடைமேல் ஒருவர் மட்டும் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுபோச்சாங்க?" என்றாள்.

"முடியறதா? அஞ்சு மணிக்குத்தாம்மா ஆரம்பமே. நோட்டீஸ் பாக்கலையா நீங்க?"

அவள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அட கடவுளே, தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் திரையை விலக்கிக்கொண்டு சுண்டெலி வந்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கழுத்தில் காகித ஸ்டெதாஸ்கோப்.

"வந்துட்டியா? நாலு நாப்பத்தஞ்சு" என்றாள், கூடத்துக் கடிகாரத்தைத் தெரிந்துவைத்திருக்கிறவள். "நான் அம்பதுக்கு வருவேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட நாலுன்னு ஏன்டி சொன்ன?"

"அஞ்சுன்னு சொன்னா நீ ஆறுக்கு வருவ."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. கண்ணாடிக்காரிக்குத் திட்டவும் வாய் வரவில்லை, கட்டிக்கொள்ளவும் கை எழவில்லை.

"அப்பாகிட்ட மூணுன்னு சொன்னியா?"

"அவருக்கு ரெண்டு மணி நேரம் வேணும்." சுண்டெலி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "நீ அவர்கிட்ட சொல்லிடாதம்மா. அடுத்த தடவையும் வேணும்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஒவ்வொருவராக வந்து நாற்காலிகள் நிறையத் தொடங்கின. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் லிஃப்ட்காரன் கிரீஸ் படிந்த கையோடு, கருவிப்பை தொடையில் மோத மோத ஓடி வந்தான். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு மணி நேரமா லேட் பண்றாங்க? பரவால்ல, நமக்கு நல்லதாப் போச்சு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். "இங்க யாரும் பறக்கறதில்ல பாரு. இதுக்காகத்தானே இங்க வந்தோம்."

சொல்ல வாயெடுத்தாள். 'அடுத்த தடவையும் வேணும்' என்றது காதிலேயே நின்றது. "ஆமாங்க" என்றாள். அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த லிஃப்ட்காரன், சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

திரை விலகியது. சிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடை நடுவில் முனகியது. டாக்டர் பெட்டியோடு வந்தாள். சிங்கத்தின் பக்கம் போகாமல் முன்னால் வந்து நின்று, வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினாள். கண் அம்மாவிடம் வந்ததும் ஒரு விரலை மடக்கினாள். அப்பாவிடம் வந்ததும் இன்னொன்றை மடக்கினாள். அதற்கப்புறம்தான் சிங்கத்திடம் போனாள்.