கடைசி நாவலின் ஒரே வாசகி

என் துப்பறியும் நாவல்களைப் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போன காலம் உண்டு. கடைசியாக எழுதிய ‘முகத்துவாரம்’ மட்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. கொலைகாரன் பிடிபடாத கதையை எவன் படிப்பான் என்று பதிப்பாளர் என் மேலேயே எரிந்து விழுந்தார். நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்காக ராயபுரத்தில் என் வீடு தேடி வந்த ஒரே ஆள் செல்லம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவர். கூடவே மகள் கீர்த்தி, கையில் என் நாவல். ஆகா, வாசகி என்று அற்பத்தனமாகச் சந்தோஷப்பட்டு நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“இதுல சாவுற பையன் எம்புள்ள விமல்தான சார்?”

விசைப்படகில் வேலை பார்த்த ஒருவன் கரையில் சண்டை போட்டுவிட்டுக் காணாமல் போனதாகப் பேப்பரில் வந்த செய்தியை வைத்து எழுதிய கதைதான். பெயரை மாற்றி, அவனை அடித்துக் கொல்ல வைத்து, எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டில் புதைத்தது நான்.

“அம்மா, காணாமப் போனது மட்டும்தான் நிஜம். மத்ததெல்லாம் என் கற்பனை.”

“கதன்னு தெரியும் சார். பாப்பா படிச்சி சொல்லிச்சு. போலீசு காணோம்னு எழுதிக்கினு பூட்டாங்க. காணாதவனுக்குக் கருமாதி பண்ணக்கூடாதுன்றாங்க சொந்தக்காரங்க. எத்தினி வருசம் சோறு எடுத்து வச்சிக்கினு குந்திகினு இருக்கறது? எனக்கும் ஒடம்பு முடியல. போறதுக்குள்ள அவனுக்குப் பால் ஊத்திடணும். நீ எடத்த மட்டும் காட்டு.”

“அங்க ஒண்ணும் இல்லம்மா.”

“வேற எங்கியும் இல்லியே சார்.”

ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் லாரிப் புழுதி. சாம்பல் மேட்டில் நின்று கண்ணில் பட்ட ஒரு முள்செடியின் பக்கம் கை காட்டினேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. செல்லம்மா குனிந்து அந்த இடத்தைக் கையாலேயே கூட்டிச் சுத்தம் செய்தார். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தல எந்தப் பக்கம் சார்?”

அதை நான் எழுதியிருக்கவில்லை. கீர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தெற்கே” என்றேன்.

அவர் தெற்கே நகர்ந்து உட்கார்ந்தார். மகன் கண்ணில் தெறித்துவிடாதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டு, வாய் இருக்கும் இடம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.