குழாய்ப் பாதையில் கட்டிய கம்பி

அவள் விழுந்ததை எல்லோரும் நம்பினார்கள். எதனால் விழுந்தாள் என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

இடது பக்கக் காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் வேலை. அன்றைக்கு அவளுடைய சொந்த அறையிலேயே, அவளோடு பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் அவளுக்குப் படம் எடுத்தாள். "அசையாதீங்கக்கா" என்று சொல்லும்போது தோழிக்குத்தான் குரல் உடைந்தது. இவள் திரையைப் பார்த்து, "எட்டு வாரம்" என்றாள். டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார்.

டாக்டரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "குறுக்க கம்பி கட்டியிருந்தாங்க டாக்டர். ரெண்டு மரத்துக்கு நடுவுல." அவர் தலையை ஆட்டிக்கொண்டே 'சைக்கிளிலிருந்து விழுந்தார்' என்று எழுதி முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் காட்டினாள். இடது மேல்கையில் தொடங்கித் தோள்பட்டைக்குக் கீழ்வரை ஒரு கன்றல். பென்சில் பருமன். அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல நேராக இருந்தது.

"பை வாரோட தடமா இருக்கும்" என்றார் அவர்.

"அன்னிக்கு நான் பையே எடுத்துட்டுப் போகல."

"சரி, அப்ப வேற ஏதாவது. ஹெல்மெட்டே விரிசல் விட்டிருக்கு. தலையில அடி பட்டா கண்டதெல்லாம் தோணும்."

"எனக்குத் தோணல. பாத்தேன்."

"சரி சரி, பாத்த. இப்ப தூங்கு."

அந்த 'சரி சரி' அவளுக்கு எலும்பைவிட வலித்தது.

இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா, தங்கைக்கு ஒத்தாசையாக வந்து தங்கினாள். சமைத்தாள், தலை வாரி விட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் இழுக்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்து இழுத்தாள். "நாப்பத்திமூணு வயசுல காட்டுக்குள்ள என்னடி வேலை உனக்கு? ரோடுன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கானே, அதுல ஓட்டக் கூடாதா?"

ரோட்டில் ஓட்டிப் பார்த்தவள்தான் அவள். ஒலிப்பானை அழுத்திக்கொண்டே பின்னால் வரும் லாரியும், கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவனும் அலுத்துத்தான் ஐந்து வருடத்துக்கு முன் அந்த சைக்கிளை வாங்கினாள். பந்தய சைக்கிள்போல வளைந்த கைப்பிடி. டயர் மட்டும் அகலம். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கல்லும் மண்ணும் அதற்குச் சொந்த வீடு. சனிக்கிழமை மாலைகளில் கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, மரப்பச்சைக்கு நடுவே நூலாகத் தெரியும் வெள்ளைக் கோடுகளைத் தேடுவாள். மின்கோபுரங்களைப் பராமரிக்கப் போட்ட பாதை, தண்டவாளம் பெயர்த்த பழைய ரயில் மேடு, வாய்க்கால் கரை. கோடு எங்கே முடிகிறது என்று படத்தில் தெரியாது. போனால்தான் தெரியும்.

வாரம் முழுக்க அவளுக்கு ஜன்னல் இல்லாத அறை. ஈயம் பதித்த கதவு. யாரோ ஒருவரின் உடைந்த விலா, யாரோ ஒருவரின் நுரையீரல் நிழல். நல்ல செய்தியைச் சொல்லும் வேலை டாக்டருடையது. கெட்ட செய்தியை முதலில் பார்க்கும் வேலை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை சரளைக்கல் டயருக்கடியில் நறநறவென்று பேச ஆரம்பித்தால் அந்தப் படங்கள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து கழன்றுபோகும். அடுத்த கல்லை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கடுத்த வளைவை. ஒருமுறை ஒரு வளைவு திரும்பியதும், யாரும் சொல்லாத ஒரு குட்டை, மூன்று நாரைகள். அரைமணி நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள். வீட்டில் வந்து சொன்னதற்கு, "போட்டோ எடுத்தியா?" என்றார் கணவர். எடுக்கவில்லை.

குழாய்ப் பாதை அவளுக்குப் பிடித்த பாதை. நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் பெரிய குழாயை ஒட்டி, தைல மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் சரளை. பொதுவழி, முகப்பில் பலகையே இருக்கிறது. அதன் இறக்கத்தில்தான், விடிகாலை வெயில் முகத்தில் அடிக்கும்போது, ஏதோ ஒன்று அவளைத் தோளில் பிடித்துப் பின்னால் எறிந்தது. கிடந்த இடத்திலிருந்து பார்த்தாள்: அறுந்த கம்பியின் ஒரு நுனி, சுருண்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கைபேசி சிதறிப்போயிருந்தது. இருபது நிமிடம் கத்தினாள். ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு கையை மறுகையால் தாங்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து தார்ரோட்டுக்கு வந்து, ஒரு பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். சைக்கிளைப் பிறகு கணவர் போய் எடுத்து வந்தார். அவர் தேடியபோது கம்பி எதுவும் கண்ணில் படவில்லையாம்.

பத்தொன்பதாம் நாள் காலை, சாப்பாட்டு மேசையில் அக்காவும் கணவரும் பேசிக்கொண்டிருந்தது படுக்கையறைக்குக் கேட்டது.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுங்க மாப்பிள்ளை. கண்ணுல பட்டாத்தானே திரும்ப ஆசை வரும்."

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா. கேட்டா கத்துவா. தானா மறந்துடுவா."

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். கையைத் தாங்கும் தூளியைச் சரிசெய்துகொண்டு, இருவருக்கும் நடுவே நடந்து, கதவைத் திறந்தாள்.

"எங்கடி?"

"மறக்கப் போறேன்."

இரண்டு பஸ் மாறி, முகப்பிலிருந்து நடந்தாள். இறக்கம் வந்ததும் மெதுவாக, வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனாள். விரல்களில் பட்டது. பட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மரப்பட்டையின் அதே சாம்பல் நிறம். அவள் நெஞ்சு உயரம்.

அறுந்த கம்பி அல்ல. திரும்பக் கட்டிய கம்பி. மரத்தைச் சுற்றி எட்டு முறுக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வாரிய தலைபோல நேர்த்தியாக. முறுக்கு இன்னும் புதுசாக மின்னியது.

யாரோ இங்கே ஒரு ஆள் விழுந்ததைத் தெரிந்துகொண்டே, அதை மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவளுக்கு முதலில் காது அடைத்தது. பிறகுதான் கோபம் வந்தது.

பாதையை ஒட்டி ஒரு தோட்டம். உள்ளே ஓட்டு வீடு. வெளியே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர் என்று அவரே சொல்லிக்கொண்டார். முறுக்கின் நேர்த்திக்கு அவளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

"அந்தக் கம்பி நீங்க கட்டினதா?"

"ஆமாம்மா." ஒளிக்கவேயில்லை. "மோட்டார் பைக் பசங்க தொல்லை தாங்கல. என்னா சத்தம், என்னா புழுதி. எழுதிப் போட்டேன், யாரும் வரல. அதான் நானே ஒரு ஏற்பாடு பண்ணேன்."

"நான் சைக்கிள்ல வந்தேன். என் தோள் எலும்பு உடைஞ்சு போச்சு."

அவர் தூளியைப் பார்த்தார். "அடடா. நீங்கதானா அது? சைக்கிள் வரும்னு யாருக்கும்மா தெரியும்? நீங்களும் பாத்து வந்திருக்கணும்." உள்ளே போய், எதையோ எடுத்து வந்து நீட்டினார். அவளுடைய சைக்கிளின் முன்விளக்கு. துடைத்துச் சுத்தமாக இருந்தது. "இது கிடந்துச்சு. யாராவது கேட்டு வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இல்லை. சரியாக ஞாபகப்படுத்திப் பார்ப்பவர்போல. "ஏதோ சத்தம் கேட்டுச்சு. பசங்க கூத்தடிக்கிறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் நின்னு போச்சு. உக்காருங்க, டீ சாப்பிடுங்க."

"கம்பியை அவுருங்க."

"அது முடியாதும்மா. நான் நட்டு வெச்சிருக்கிற கன்னு..."

"அது உங்க நிலமா? உங்க எல்லைக்கல் அந்தப் பக்கம் இருக்கு, எனக்குத் தெரியும். அவுருங்கன்னேன்!"

"பொம்பளை இவ்ளோ சத்தம் போடக் கூடாது" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒற்றைக் கையால் அந்த எட்டு முறுக்கை அவிழ்க்கப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது. போலீஸ் நிலையத்துக்குப் பேசினாள். எடுத்தவர் முழுவதும் கேட்டுவிட்டு, "பக்கத்துல வீட்டுக்காரர் யாராவது இருக்காரா? அவர்கிட்ட குடுங்க" என்றார். இல்லை என்றதும், திங்கட்கிழமை வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

கம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேறு எவனாவது, எவளாவது வந்தால் நிறுத்த வேண்டுமே. பிறகு கணவரை அழைத்தாள். பதினெட்டு வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூட ஒருமையில் பேசியதில்லை.

"குழாய்ப் பாதைக்கு வா. நீ வராம நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

மறுமுனையில் அவர், "வரேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் கம்பியைக் குனிந்து தாண்டி, மேட்டில் இருபதடி ஏறி, பாதையின் நடுவே நின்று கையை உயர்த்தினாள். அவர் நிறுத்தி, இறங்கி, கோபமாக வந்தார்.

"என்ன இது? உங்கக்கா அங்க அழுதுட்டு இருக்காங்க. சரி, எங்க கம்பி?"

"பாருங்க."

அவர் இறக்கத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். நெற்றியில் கைவைத்து நிழல் கட்டிக்கொண்டும் பார்த்தார். இருபதடி தூரம்தான். "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். அந்தக் குரலில் மறுபடி அதே 'சரி சரி' இருந்தது.

"நடங்க. நேரா."

நடந்தார். எட்டாவது தப்படியிலோ ஒன்பதாவது தப்படியிலோ சட்டைப் பொத்தானுக்கு மேலே ஏதோ அவரைத் தடுத்தது. நின்றார். கீழே பார்த்தார். இரண்டு விரலால் கம்பியைப் பிடித்து, இடது மரம்வரை தடவிக்கொண்டே போனார். திரும்பி வலது மரம்வரை வந்தார். பிறகு தன் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டிக்கொண்டே வந்திருந்தால் என்று கணக்குப் போடுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"எவன்டா கட்டினது?" என்று அலறிக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்தார். கதவைத் திறந்த பெரியவரின் சட்டையைப் பிடித்தே விட்டார். "கழுத்து போயிருக்கும்டா! என் கழுத்து போயிருக்கும்!"

"விடுங்க அவரை" என்றாள் அவள்.

"விடறதா? இவனை..."

"விடுங்கன்னேன். இன்னிக்கு உங்க கழுத்துன்னதும் இவ்ளோ கோபம் வருதே, பத்தொம்போது நாளா எங்க வெச்சிருந்தீங்க இதை? என் தோள்ல விழுந்த கோட்டைக் காட்டினேன். பை வாருன்னீங்க. தலையில அடின்னீங்க. கண்டது தோணும்னீங்க. அவர் கம்பிதான் கட்டினாரு. என்னைப் பைத்தியக்காரி ஆக்கினது நீங்களும் எங்க அக்காவும்."

அவர் கை சட்டையிலிருந்து தானாக இறங்கியது. பெரியவர் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "நல்லா சொன்னீங்கம்மா" என்றார்.

"நீங்க வாயை மூடுங்க!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கணவர் போலீசுக்குப் பேசினார். முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. அதற்கும் சேர்த்து அவளுக்கு எரிந்தது. ஏட்டு கம்பியைப் படம் எடுத்து, வெட்டி, சுருட்டி, உறையில் போட்டார். நடந்ததைச் சொல்லக் கணவர் வாயைத் திறந்தபோது, "விழுந்தது நான். நான் சொல்றேன்" என்றாள். ஏட்டு காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பிறகு சமாதானம் பேச ஆட்கள் வந்தார்கள். பெரியவரின் மகன் வந்து வரவேற்பறையில் தலைகுனிந்து உட்கார்ந்தான். அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. "வயசான மனுஷன்டி. தெரியாம செஞ்சிருப்பாரு."

"முதல் தடவை கட்டினது வேணா தெரியாம இருக்கலாம். ரெண்டாவது தடவை?"

வழக்கு நடந்தது. ஏழு மாதம் கழித்துப் பெரியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதத் தண்டனையை வயதைப் பார்த்து நிறுத்திவைத்தார்கள். வெளியே வரும்போது அவளைப் பார்த்து, பழகியவர்போல லேசாகத் தலையசைத்தார். அவள் அசைக்கவில்லை.

அதற்கு முன்பே எலும்பு கூடிவிட்டிருந்தது. கணவர் அவளிடம் சொல்லாமல் சைக்கிளைக் கடைக்கு எடுத்துப் போய், கோணிய சக்கரத்தை நேராக்கி, புதுச் சங்கிலி போட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார். அவள் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருந்தது. "தேங்க்ஸ்" என்றாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் எதையாவது பார்த்தேன் என்று சொன்னால், "எங்க?" என்று மட்டும்தான் கேட்கிறார்.

முதல் மூன்று ஞாயிறும் அவளுக்கு நரகமாக இருந்தன. இரண்டு மரம் சேர்ந்து நின்றாலே விரல் பிரேக்கில் இறுகியது. இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். எதுவும் இல்லை. ஏறினாள். அடுத்த இரண்டு மரம். அந்த ஆள் எலும்பை மட்டுமா உடைத்தான் என்று ஒவ்வொரு முறையும் கொதித்தது.

நான்காவது ஞாயிறு, படத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு புதிய வெள்ளைக் கோட்டின் வழியே போனாள். கைவிட்ட கல்குவாரியைச் சுற்றி ஏறி, மறுபக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கம். இருபுறமும் மரம். உச்சியில் நின்று தண்ணீர் குடித்தாள். விரல் பிரேக்கிலேயே இருந்தது. அப்போது, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை என்று தெரிந்துகொண்டு, அந்த மேற்பார்வையாளரைத் திட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு வாய்விட்டு. ஆஸ்பத்திரியில் குடிகாரர்கள் சொல்லக் கேட்டு மட்டுமே தெரிந்த, வீட்டில் ஒருநாளும் உச்சரிக்காத வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. டாக்டருக்கு இரண்டு, போலீஸ் நிலையத்தில் போன் எடுத்தவருக்கு ஒன்று, அக்காவுக்குக் கொஞ்சம் நாசூக்காக ஒன்று. திட்டிக்கொண்டே பிரேக்கை விட்டாள். சரளை தெறித்தது. கண்ணில் காற்று நீர் வரவழைத்தது. வளைவு வந்தது, திரும்பினாள்; இன்னொரு வளைவு. கத்திக்கொண்டே இறங்கினாள். சைக்கிள் தடுமாறவில்லை.