பொன்னாடைக்கு அடியில் முப்பது ஊர்

அத்தியாவின் விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பதவி நீளம். உலகக் குழந்தை நலக் கூட்டணியின் உத்தித் திட்டமிடல் மற்றும் கூட்டாண்மைத் துறைத் தலைவர். கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருக்கும் அவள் தம்பி அன்சர் அந்தக் கார்டை இரண்டு தடவை படித்துவிட்டு, முடிவாகச் சொன்னான்.

"அதாவது, தரகு."

அத்தியாவுக்குச் சுருக்கென்றது. அவர்களுடைய வாப்பா தஸ்தகீர் மாட்டுச் சந்தையில் தரகர். முப்பது வருடம் ஊரார் மாட்டையெல்லாம் கை மாற்றிவிட்டு, தனக்கென்று ஒரு கன்றுக்குட்டிகூட வாங்காமல் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஜெனிவா வரைக்கும் போனது, கடைசியில் தம்பி வாயால் இந்த ஒற்றை வார்த்தையைக் கேட்கத்தானா? மலையேறும் வழி முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. கார் அவனுடையது என்பதால் இறங்கவும் முடியவில்லை.

கரியாலூர் சமுதாயக் கூடத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு மூன்று மணி வரை எதுவும் நடக்கவில்லை.

விஷயம் இதுதான். கல்வராயன் மலையில் முப்பது குக்கிராமங்களுக்கு மாதம் ஒரு தடவை ஒரு ஜீப் போய்வருகிறது. அதில் தடுப்பூசிப் பெட்டி, பிள்ளைகளை நிறுக்கும் தராசு, நர்ஸ் ஜெயம்மாள். ரோடு முடிகிற இடத்தில் ஜீப் நின்றுவிடும். ஜெயம்மாள் நிற்க மாட்டாள். ஜீப்பின் பழைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிய ஐந்து வருட ஒப்பந்தத்தில் இன்று மாலை ஆறு மணிக்குள் மூன்று கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் தலைமை அலுவலகம் ஜீப்புக்கான நிதியை வேறு ஏதோ கண்டத்துக்கு அனுப்பிவிடும். அதற்கு "உத்தி ரீதியான மறுஒதுக்கீடு" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவளே அத்தியாதான். இரண்டு வருடத்துக்கு முன் அதற்காகக் கைதட்டல்கூட வாங்கினாள்.

கையெழுத்துப் போட வேண்டிய மூவரில் ஒருவர் கவியரசன், ஒரு பெரிய அறக்கட்டளையின் சென்னை அதிகாரி. இன்னொருவர் எழில்மதி, ஓர் ஐரோப்பிய நிதியத்தின் டெல்லி அதிகாரி, பிறந்தது கடலூர். மூன்றாமவர் மலைக்காரர்கள் சார்பில் இருசப்பன். அவர் காலையிலிருந்து சுவரோரம் உட்கார்ந்து, வந்த டீயையெல்லாம் குடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்.

"இருபது கிராமம் எங்க பேர்ல வரணும் மேடம்," என்றார் கவியரசன், ஒன்பதாவது தடவையாக. "போர்டுக்குச் சொல்லியாச்சு. இனிமே குறைக்க முடியாது."

"நாங்க பதினெட்டுன்னு ரிப்போர்ட்லயே போட்டுட்டோம்," என்றாள் எழில்மதி. "ஜீப் பானெட்டுலயும் எங்க பேர்தான்."

"பானெட் எங்களுக்கு!"

"இருவதும் பதினெட்டும் முப்பத்தெட்டுங்க," என்றாள் பின்வரிசையிலிருந்து ஜெயம்மாள். "இருக்கறது முப்பது. மீதி எட்டு ஊர யாராவது புதுசா கட்டிக் குடுத்தா, ஊசி நா போட்டுடறங்க."

அத்தியா தன் கணினியைத் திறந்து, இரு தரப்பும் வெல்லும் வழி என்று தலைப்பிட்ட படத்தைச் சுவரில் காட்டினாள். நான்கு வட்டம், ஆறு அம்பு. படம் பாதி வருவதற்குள் கரண்ட் போனது.

வெளியே வந்தாள். காரில் சாய்ந்துகொண்டு அன்சர் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, யாவாரம் படியலையா?"

"வாய மூடுடா. ரெண்டு பேரும் ஒரு ஊர்கூட உட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க."

"அவ்ளோ ஆசையா?" அவன் கொட்டையைத் துப்பினான். "எந்தெந்த ஊரு வேணுமாம்?"

அத்தியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஐந்து மணி நேரமாக இரண்டு பேரும் இருபது, பதினெட்டு என்று முட்டிக்கொண்டார்களே தவிர, ஓர் ஊரின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. நிஜமாக மாடு வாங்க வந்தவன் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி விலை மட்டும் கத்துகிறவன், மாட்டைத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருப்பவன்.

அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். நாற்காலி முதுகில் தொங்கிய பொன்னாடையை உருவி, தன் வலது கை மேல் போட்டுக்கொண்டாள். சுவரோரத்தில் இருசப்பன் முதல் தடவையாக டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கவியரசன் சார், கையக் குடுங்க."

"எதுக்கு மேடம்?"

"இனிமே வாயால பேச வேணாம். சந்தையில துண்டுக்கு அடியில விரலப் புடிச்சுப் பேசுவாங்க. ஒரு விரல இழுத்தா ஒண்ணு. கைய மொத்தமா அமுக்கினா பத்து. உங்க மனசுல இருக்கறத அமுக்குங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். தரகு பாக்கறவ அடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது. சொன்னா அவ அதோட சந்தைக்குள்ள வர முடியாது."

"இது எங்க பாலிசில இருக்கான்னு..."

"கூடாதுன்னு இருக்கா?"

கவியரசன் யோசித்தார். "துண்டப் பத்தி ஒண்ணும் இல்ல."

"இது துண்டுகூட இல்ல சார். பொன்னாடை."

மாப்பிள்ளை மோதிரத்துக்கு விரலை நீட்டுகிறவர் மாதிரி நெளிந்துகொண்டே கையை உள்ளே விட்டார். ஜரிகைக்கு அடியில் ஓர் அமுக்கு. பிறகு சுண்டுவிரலில் ஓர் இழுப்பு. நின்றுவிட்டது.

பதினொன்று.

அத்தியா முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாப்பாவின் மடியில் உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் நடப்பதைச் சிறுவயதில் எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்தவள். கவியரசன் அவள் காதருகே குனிந்தார். "எங்க பேர்ல வர்ற ஊருக்கெல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானே நேர்ல போய் போட்டோ எடுக்கணும் மேடம். முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கேன். ரோடு இருக்கற ஊரா பாத்துக் குடுங்க."

எழில்மதியிடம் போனாள். ஓர் அமுக்கு, ஓர் இழுப்பு. அவளும் பதினொன்று. "டெல்லி ஆபீஸ்ல மொத்தமே ரெண்டு பேர்தான்க்கா," என்று கிசுகிசுத்தாள். காலையிலிருந்து மேடம் என்றவள், பொன்னாடைக்குள் கை போனதும் அக்கா என்றாள். "இன்னொருத்தி பிரசவ லீவு. ரோட்டு மேல இருக்கற ஊரா பாருங்க."

ஆக, ஐந்து மணி நேரமாக முப்பது ஊருக்குள் முப்பத்தெட்டைத் திணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிஜத்தில் வேண்டியது இருபத்திரண்டு. ரோடு இல்லாத எட்டு ஊர் கேட்பாரற்று நடுவில் நின்றது. இதை வெளியே சொன்னால் இருவர் மானமும் போகும்; மானம் போனவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். அத்தியா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் நல்ல மனசோட பேசியிருக்கீங்க. ஒப்பந்தத்தோட முதல் பக்கத்துல ரெண்டு பேருக்குமே முப்பதுன்னு போட்டுடலாம். கூட்டா செய்யறதுதானே? யாரு எந்த ஊருக்கு நடக்கறதுங்கறது ஏழாவது இணைப்புல வரும்."

"ஏழாவது இணைப்ப யாரு படிப்பா?" என்றார் கவியரசன் சந்தேகமாக.

"இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல சார்."

இருவர் முகத்திலும் காலையிலிருந்து காணாத வெளிச்சம். முப்பது! கேட்டதற்கும் மேலே! அவர்கள் மூச்சு விடுவதற்குள் அத்தியா அடுத்ததை எடுத்துவிட்டாள்.

"இப்ப பானெட்டு. அது தனி மாடு இல்ல. கன்னோட இருக்கு. எட்டுக் கன்னு, ரோடு போகாத எட்டு ஊரு. யாரு ஜாஸ்தி கன்ன ஓட்டிக்கினு போறாங்களோ, அவங்களுக்குப் பானெட்டு."

ஜெனிவாவில் பழகிய தமிழ் போய், வாப்பாவின் தமிழ் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற அன்சர் கவனித்தான்.

பொன்னாடை இங்கும் அங்கும் போனது. கவியரசன் இரண்டு விரல் இழுத்தார். எழில்மதி மூன்று. கவியரசன் தன் முட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்றோடு நின்றார். எழில்மதி கண்ணை மூடிக்கொண்டு நான்காவது விரலையும் இழுத்தாள். பானெட் அவளுக்குப் போயிற்று.

கவியரசன் வாடிப்போனார். அத்தியா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். இந்த மலை ரோட்டுல எதிர்ல வர்ற வண்டியோட பானெட்ட யாராவது பாப்பாங்களா? உயிரக் கையில புடிச்சுக்கினு ரோட்டத்தான பாப்பாங்க?"

"ஆமா."

"ஆனா ஜீப்புக்குப் பின்னாடி மாட்டினவன்? கச்சிராயபாளையம் வரைக்கும் அத்தன வளைவுலயும் முன்னாடி போற ஸ்டெப்னியத்தான் பாத்தாகணும். முந்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஸ்டெப்னி உறை மேல உங்க பேரு இவ்ளோ பெருசா!"

கவியரசனின் கண் விரிந்தது. "அதுக்கு எத்தன கன்னு?"

"இருக்கறது நாலுதான் சார். நாளைக்குக் கேட்டா அதுவும் இருக்காது."

பொன்னாடைக்குள் நான்கு விரலையும் அவர் ஒரே பிடியாகப் பிடித்தார். எழில்மதி ஏமாந்துவிட்டாள் என்ற பூரிப்பு அவர் முகத்தில். கவியரசன் ஏமாந்துவிட்டார் என்ற பூரிப்பு எழில்மதி முகத்தில்.

பதினொன்றும் நான்கும் பதினைந்து. ஆளுக்குப் பதினைந்து. முப்பதை இரண்டாய் வகுத்தால் என்ன வரும் என்று கேட்டிருந்தால் ஜெயம்மாள் காலை பத்தேகாலுக்கே சொல்லியிருப்பாள். ஆனால் வகுத்து வந்த பதினைந்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பேரம் பேசிப் பிடித்த பதினைந்துக்கு இருவரும் பேனாவைத் தேடினார்கள். நாலரை மணிக்கு இரண்டு கையெழுத்து விழுந்தாயிற்று. மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை பிடிப்பதற்குள் காகிதத்தைக் கீழே கொண்டுபோய் அனுப்ப அன்சர் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

அத்தியா காகிதத்தை இருசப்பனிடம் கொண்டுபோனாள். "அண்ணே, நீங்க போட்டா முடிஞ்சுது."

இருசப்பன் பேனாவை வாங்கவில்லை. கையை நீட்டினார். "அந்தத் துணிய இப்படிக் கொண்டாம்மா. தஸ்தகீர் பாய் பொண்ணுதான நீ? அவரு கைய நா எத்தினி வாட்டி புடிச்சிருப்பேன்!"

பொன்னாடை இருவர் கையையும் மூடியது. முறம் மாதிரி அகன்ற கை. ஓர் அமுக்கு. இன்னோர் அமுக்கு. மூன்றாவது அமுக்கு. அத்தியா தலையாட்டினாள், முப்பது, சரிதான். அப்போது அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். விடவில்லை.

முப்பத்தொன்று.

"அண்ணே, மொத்தமே முப்பதுதான்," என்றாள் மெதுவாக.

"உன் கணக்குல." அவர் அதைவிட மெதுவாகச் சொன்னார். "எட்டு வருஷத்துக்கு முந்தி திருவிழாவுல சண்ட வந்து, பன்னெண்டு வூடு ஓடைக்கு அந்தப் பக்கம் பிரிஞ்சு போயிட்டோம். புது ஊரு. என் ஊரு. ஊசி போட எங்க பொம்பளைங்க பழைய ஊருக்குப் போவ மாட்டாங்க; ரோசம். ஜீப்பு எங்ககிட்ட வராது, லிஸ்டுல இல்ல."

அத்தியாவுக்குக் காது சூடாயிற்று. அந்த லிஸ்டைத் தயாரித்தவள் அவள். செயற்கைக்கோள் படம் வாங்கி, ஆறு மாதம் நிபுணர்களை வைத்துப் போட்ட லிஸ்ட். பலாமரங்களுக்கு அடியில் இருந்த பன்னிரண்டு கூரை அந்தப் படத்தில் விழவில்லை.

"இத ஏன்ணே யாருமே சொல்லல?"

பின்னாலிருந்து ஜெயம்மாள் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "போன வருஷமே நா எழுதிக் குடுத்தங்க. ஏழாவது இணைப்புல சேத்துட்டதா பதில் வந்துச்சு."

அத்தியா கடைசி முயற்சியாக, "அடுத்த வருஷம் கண்டிப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"என் பேரனுக்கு எட்டு மாசம். ஒம்பதாம் மாசம் ஒரு ஊசி இருக்குதாமே. அவன அடுத்த வருஷம் வரைக்கும் வளராம நிக்கச் சொல்லட்டுமா?" இருசப்பன் விரலை இன்னும் கொஞ்சம் இழுத்தார். முகத்தில் மட்டும் டீ குடிக்கும் அமைதி. "வாய்விட்டுக் கேட்டா உனக்குத்தான் அசிங்கம். அதான் துணிக்குள்ள கேக்கறேன்."

உலகம் முழுக்கப் பேரம் பேசியவள் அவள். துணிக்கு அடியில் இப்படி மாட்டிக்கொண்டது இதுவே முதல் தடவை. விரலைத் திருப்பி ஓர் இழுப்பு இழுத்தாள். சரி என்று அர்த்தம்.

ஆனால் முப்பத்தொன்றாவது ஊரை யார் தலையில் வைப்பது? கையெழுத்துப் போட்டவர்களிடம் போய், இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் பேனாவோடு ஓடிவிடுவார்கள். அவள் எழில்மதியின் பக்கம் போய், அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாலு வாங்கினீங்க இல்ல? உங்களுக்கு ஒண்ணு கொசுறு தரேன்."

எழில்மதி என்ன ஊர், எங்கே என்று கேட்க வாயெடுப்பதற்குள் கவியரசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அதெப்படி? நானும் நாலுதானே வாங்கினேன்? அவங்களுக்கு மட்டும் கொசுறா?"

"சார், எனக்கு முதல்ல சொன்னாங்க," என்றாள் எழில்மதி.

"அதெல்லாம் கிடையாது. கொசுறுன்னா ரெண்டு பேருக்கும்தான்!"

"இருக்கறது ஒண்ணுதானே சார்," என்றாள் அத்தியா வருத்தமாக. "சரி, உங்களுக்காக. ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்குங்க."

முப்பது என்று இருந்த இடத்திலெல்லாம் பேனாவால் முப்பத்தொன்று ஆக்கி, பக்கத்தில் இருவரும் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பக்கத்தில் போட்டார்கள். ஏழாவது இணைப்பில் போட வேண்டிய புது ஊரை அத்தியா முதல் பக்கத்துக்கே கொண்டுவந்திருந்தாள். கடைசியாக இருசப்பன் காகிதத்தைத் தொடையில் வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை நிதானமாக எழுதினார்.

"ரொம்ப சந்தோசங்க," என்றார் இரண்டு அதிகாரிகளையும் பார்த்து. "முதல் நடைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. ஓடை வரைக்கும் ஜீப்பு வரும். அதுக்கப்புறம் கிட்டத்தான். ரெண்டு மணி நேரம் நடந்தா வந்துடும்."

கவியரசன் மெல்ல அத்தியாவின் பக்கம் திரும்பினார். அவர் கை முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தக் கொசுறு..."

"திருப்பி வாங்கறது இல்ல சார்," என்று சொல்லிவிட்டு அத்தியா காகிதத்தை அன்சரிடம் கொடுத்தாள். அவன் மூன்று கையெழுத்தையும் பார்த்தான். அக்காவின் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பொன்னாடையைப் பார்த்தான்.

"சொல்லுடா," என்றாள் அத்தியா. "சொல்லித் தொலை."

"நா இன்னா சொன்னேன்?" என்றான் அன்சர். முதல் தூறல் விழுவதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.