நீலத்துலதான் போட்டேன்

அந்தக் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட். கீழே மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் சுவருக்குள் ஏறிப் போகும். அந்த வயரில் அவரவர் ரவுட்டரை அவரவர் மாட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியின் சாவி சங்கச் செயலாளரிடம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய மகளைக் கட்டியவனைக் கட்டடம் முழுவதும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. வாட்ச்மேன்கூட "மாப்பிள்ளை சார்" என்பான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்படிக் கூப்பிடாதவர் மாமனார் ஒருவர்தான். அவருக்கு அவன் "இவரு". எதிரே உட்கார்ந்திருந்தாலும் மகள் பக்கம் திரும்பி, "இவரு இன்னைக்கும் வீட்லதானா?" என்று கேட்பார்.

வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையை மூடிவிட்டதும், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்று மனைவியோடு வந்தவன். அந்தக் கொஞ்ச நாளில் பால்கனிச் செடி ஒன்று தொட்டி கொள்ளாமல் வளர்ந்துவிட்டது. கடையில் அவன் பில் போட்டுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் கடை என்றதும் எல்லோரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை.

படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்று மனைவி முனகிக்கொண்டே இருந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த புது ரவுட்டர் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. மாட்டட்டுமா என்று கேட்டான். மாமனார் மகளுக்குப் பதில் சொன்னார்.

"பழசு நல்லாதானே ஓடுது? இவரக் கை வைக்க வேண்டாம்னு சொல்லு. ஒரு கடைய மூடினது போதும்."

ஒருநாள் காலை, மாமனார் நடக்கப் போன நேரம் பார்த்து அவன் கை வைத்தான்.

பழையதைக் கழற்றினான். புதியதன் முதுகில் வரிசையாக ஓட்டைகள். பல மஞ்சள், ஒன்று மட்டும் நீலம். நீலத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியிருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று, சுவரிலிருந்து வந்த வயரை மஞ்சளில் சொருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகும். சூடாகணும்" என்றான் மனைவியிடம்.

"இது என்ன இஸ்திரிப் பெட்டியா?" என்றாள் அவள்.

அவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு வீட்டிலும் நெட் இல்லை.

இரும்புப் பெட்டியின் முன்னால் மாமனார் நின்றிருந்தார். நடக்கப் போன செருப்போடு அப்படியே வந்திருந்தார். சுற்றிலும் கூட்டம். நெட் கம்பெனிக்காரன் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். உங்க பில்டிங்லயே யாரோ ரவுட்டரத் தப்பா மாட்டியிருக்காங்க. சுவத்துலேருந்து வர்ற வயர நீலத்துல போடணும். மஞ்சள்ல போட்டுட்டாங்க. இப்ப அந்த டப்பா தன்னையே பெரிய பெட்டின்னு நினைச்சுக்கிட்டு எல்லா வீட்டையும் தன் பக்கம் இழுக்குது. அதக் கண்டுபிடிச்சுப் பிடுங்குங்க. அப்புறம் எல்லாரும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்."

மாப்பிள்ளை மாடி வீட்டு ஆடிட்டரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"எவன் வீடா இருந்தாலும் சரி" என்றார் மாமனார். "அந்த வீட்டு வயரயே எடுத்துர்றேன். அப்பதான் மத்தவனுக்குப் பயம் வரும்."

"சார், ஹலோ வீட்டுக்கு நேத்து ஒரு பார்சல் வந்துச்சு" என்றான் வாட்ச்மேன். "மேல ரவுட்டர் படம் போட்டிருந்துச்சு."

தரைத்தளத்து ஒற்றை அறைக்குப் புதிதாகக் குடிவந்தவளைத்தான் சொன்னான். ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே நெட் வழியாகப் பேசிப் பதில் சொல்வது அவள் வேலை. அவள் ஜன்னலைத் தாண்டிப் போகிறவர்கள் காதில் நாள் முழுக்க ஹலோ ஹலோ என்று விழும். கட்டடம் அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டது.

கூட்டம் அவள் கதவுக்கு நகர்ந்தது. கழுத்தில் ஹெட்போனோடு திறந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க சார். நெட் போயிடுச்சு. பேசிக்கிட்டு இருக்கும்போதே கட் ஆயிடுச்சு. போன வீட்லயும் இப்படி ஆகி ஒரு தடவ எச்சரிக்கை குடுத்திருக்காங்க. மறுபடி மறுபடி ஆச்சுன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க. எப்ப வரும் சார்?"

"அத நீதான் சொல்லணும்" என்றார் மாமனார்.

அறைக்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி. எதிரொலி கேட்கக் கூடாது என்று சுவர்களில் போர்வைகள் தொங்கின. ஃபேனின் சத்தம் வாடிக்கையாளர் காதில் விழும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. மேசை மேல் புது ரவுட்டர்.

மாமனார் திரும்பினார். தன் வீட்டிலும் விஷயம் தெரிந்த ஆள் உண்டு என்று கட்டடத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை, நீங்க பாருங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் குனிந்து பார்த்தான். வயர் நீலத்தில் இருந்தது. பிரித்த ஸ்டிக்கரைக்கூடக் கீழே போடாமல் மேசை விளிம்பில் ஒட்டி வைத்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நிமிர்ந்தான். வாசலில் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வேணும் மாமா. மேல இருக்கு. போன் பண்ணிக் கேக்கறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனான். மனைவி எடுத்தாள்.

"புதுசப் பிடுங்கிட்டு அப்பாவோட பழசையே மாட்டு. உடனே."

"ஏன், இன்னும் சூடாகலையா?"

"சொன்னதச் செய். கேள்வி கேக்காத."

அவள் செய்து முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான். பிறகு உள்ளே வந்தான். "ஸ்க்ரூடிரைவர் வேண்டாம் மாமா. கண்டுபிடிச்சிட்டேன்" என்று சொல்லி, மேசை மேல் இருந்த ரவுட்டரிலிருந்து வயரைப் பிடுங்கினான். "மஞ்சள்ல இருந்துச்சு."

"நீலத்துலதான் போட்டேன்" என்றாள் அவள். "அட்டையில படம் இருந்துச்சு சார். பாத்துப் பாத்துதான் போட்டேன்."

வயரின் நுனி அவன் கையில் இருந்தது. இப்போது அது எந்த ஓட்டையிலும் இல்லை.

"எல்லாரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று வாட்ச்மேன் படிக்கட்டில் கத்திக்கொண்டே ஓடினான். சற்று நேரத்தில் மாடியிலிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது. "வந்துடுச்சு!" அடுத்தடுத்த மாடிகளிலிருந்தும் வந்துடுச்சு, வந்துடுச்சு.

"கேட்டியா?" என்றார் மாமனார் அவளிடம். "எடுத்தாரு, வந்துடுச்சு. இன்னும் நீலம் நீலம்ங்கற."

அவள் வயரைப் பார்த்தாள். ரவுட்டரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அப்படின்னா நான்தான் மாத்திப் போட்டுட்டேனா?"

அவன் தலையாட்டினான்.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் எல்லோரையும் பார்த்து. அவள் மன்னிப்பு கேட்டதும்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஆடிட்டருக்கு ஒரு மீட்டிங் கெட்டுப்போயிருந்தது. பல் டாக்டரின் மாமியாருக்குப் பாதிப் படம் போயிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.

மாமனார் இரும்புப் பெட்டியைத் திறந்தார். "மாப்பிள்ளை, நீங்களே எடுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்." வீட்டு எண் எழுதிய வயர்களுக்கு நடுவில் அவளுடையதைத் தேடி எடுத்தான். எளிதாகத்தான் வந்தது. சங்கம் கூடி முடிவு செய்யும்வரை அவளுக்கு இணைப்பு கிடையாது என்று அறிவித்தார் மாமனார். சங்கத்தைக் கூட்டுகிறவரும் அவர்தான்.

மேலே மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். புது ரவுட்டர் கட்டிலில் கிடந்தது.

"இதுதானா?"

"மெதுவாப் பேசு."

அவள் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பாவம்ங்க அவ" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா உங்கள மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாராமே? அதக் கெடுத்துக்காதீங்க."

அவன் கெடுத்துக்கொள்ளவில்லை. மறு வாரம் மாமனாரே அவனிடம் நேராகக் கேட்டார், நம்ம வீட்டுக்கும் நல்லதா ஒன்று மாட்டலாமா என்று. கட்டிலுக்கடியில் இருந்ததை எடுத்து, ஸ்டிக்கரைப் பிரித்து, நீலத்தில் போட்டான். படுக்கையறையில் சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளை கை பட்டாலே தனி" என்றார் மாமனார்.

தரைத்தளத்துக்காரி ஒருநாள் காலிங்பெல்லை அழுத்தினாள். மனைவி கதவைத் திறந்தாள். அவன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"போன் நெட்ல முயற்சி பண்ணேன் அக்கா. குரல் உடைஞ்சு உடைஞ்சு போகுதாம். உடம்பு சரியில்லன்னு எத்தன நாள் லீவு சொல்றது? வேலை போயிட்டா இந்த அறையும் போயிடும். உங்க வைஃபை பாஸ்வேர்டு குடுத்தீங்கன்னா இங்க படியிலயே உக்காந்து பாத்துக்குவேன். தொந்தரவா இருக்க மாட்டேன்."

மனைவி கொடுத்தாள். தாராளமாகவே கொடுத்தாள். "நமக்கென்ன குறைஞ்சு போச்சு" என்று மாமனாரும் சொன்னார். ஏழை பாழைக்கு உதவுகிற வீடு என்று கட்டடம் பேசிக்கொண்டது.

முதல் நாள் மனைவி அவளை "நீங்க" என்றாள். அடுத்த சில நாளில் அது "நீ" ஆயிற்று. "சும்மா இருக்கற நேரத்துல இந்தத் துணிய மடிச்சு வச்சிரு" என்று ஒரு கூடை வெளியே வந்தது. பிறகு அது தினமும் வந்தது. அவள் படியில் லேப்டாப்பை வைத்து, முழங்காலில் துணியை வைத்து மடித்துக்கொண்டே பேசினாள். "சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" தேன் மாதிரிக் குரல். மேலேயும் கீழேயும் போகிறவர்களுக்குக் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

மாப்பிள்ளை வெளியே போகும்போதெல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு தடவை நிறுத்தினாள்.

"அண்ணா, அன்னைக்கு நான் எப்படித்தான் மாத்திப் போட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புரிய மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணா. நாளைக்கு வயரத் திருப்பிக் குடுத்தாங்கன்னா மறுபடி தப்பாகக் கூடாதில்ல?"

அவன் சொல்லிக்கொடுத்தான். நீலத்தின் மேல் ஸ்டிக்கர் இருக்கும். அதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று தோன்றும். திறந்திருக்கிற மஞ்சளில் கை தானாகப் போய்விடும்.

"ஆனா நான் ஸ்டிக்கரப் பிரிச்சேனே அண்ணா."

"பிரிச்சிருப்பீங்க. அப்புறம் ஏதோ ஞாபகத்துல மஞ்சள்ல சொருகியிருப்பீங்க. நிறைய பேர் பண்றதுதான்."

"இருக்கும்" என்றாள். "நல்லா விளக்கமா சொல்றீங்க."

அன்று மதியம் மனைவி கதவைத் திறந்து கூடையை நீட்டினாள். படியில் இருந்தவளுக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தாமல் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று ஜாடை காட்டினாள்.

மனைவி கதவைச் சாத்தினாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"கையக் காட்டறா எனக்கு."

"பேசிக்கிட்டு இருக்கா."

"நம்ம நெட்ல உக்காந்துகிட்டு நமக்கே கையக் காட்டறா. கொஞ்ச நேரம் அவளுக்கு மட்டும் நிறுத்துங்க. புத்தி வரட்டும்."

"இப்ப நிறுத்தினா வேலையே போயிடும்."

"நானா போகச் சொன்னேன்?" அவள் நாற்காலியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்பா உள்ளதான் படுத்திருக்காரு. எழுப்பி ஒரு கதை சொல்லட்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவன் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தான். வீட்டில் யார் யார் நெட்டில் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அவளுடைய லேப்டாப் கடைசியில் இருந்தது. பக்கத்தில் ஒரு பட்டன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வெளியே காது கொடுத்தான்.

"ஆமா சார், உங்க புகார் எனக்குப் புரியுது. ஒரு நிமிஷம், இதோ பாத்துச் சொல்றேன்."

அழுத்தினான்.

"சார்? ஹலோ? கேக்குதா சார்? ஹலோ?"

லேப்டாப்பில் அவசரமாகத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது, மெதுவாக, உள்ளே தூங்குகிறவர் விழித்துவிடாதபடி.

"அண்ணா, நெட் போயிடுச்சு அண்ணா. மறுபடியும் நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

மனைவி புருவத்தை உயர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"எதத் தொட்டீங்க?" என்று கேட்டான்.